கப்பல் நேரப்படி பத்து மணி

பெரில் ஸ்டாக்வெல்லை நான் முதன்முதலில் பார்த்தது சவுத்தாம்ப்டன் துறைமுகக் கூடத்தில். எண்ணூறு பேர் வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தோம். அவர் மட்டும் சொந்தமாகக் கொண்டுவந்த மடக்கு முக்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தால் முக்காலியோடு எழுந்து ஓரடி வைப்பார், மறுபடி உட்காருவார். எழுபத்தோரு வயது, குட்டை முடி, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம்.

நாலு மணிக்குப் புறப்பட வேண்டிய கப்பல் அது. இரண்டு மணிக்கே ஒலிபெருக்கி சொல்லிவிட்டது: "இயக்கக் காரணங்களால் லேடி எலினோர் புறப்படுவதில் சிறிது தாமதம் ஏற்படும்." நான் முப்பத்தொரு வருஷம் வாகன ஓட்டுநர் தேர்வு நடத்தியவன். ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவர்களை வண்டியிலேயே ஏறவிடாமல் திருப்பி அனுப்பியவன். அவர்களில் சிலர் அழுததும் உண்டு. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. எனவே எனக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

"சிறிதுன்னா எவ்வளவு?" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டேன்.

முக்காலியிலிருந்து பதில் வந்தது. "'சிறிது'ன்னா அஞ்சு மணி நேரம். 'கொஞ்ச நேரத்தில்'னா ரெண்டு. 'வெகு விரைவில்'னா வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வரலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்தி நாலு வருஷம் நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஐந்தே கால் மணி நேரம் ஆனது.

அந்த இரவு சாப்பாட்டு மேசையிலும் அவர்தான் எங்களுக்குத் துணை. என்னையும் என் மனைவி ஷெய்லாவையும் அவரோடு ஒரே மேசையில் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாளும் அதே நாற்காலி, அதே முகங்கள். கப்பல் பயணத்தில் கல்யாணத்தைவிடக் கறாரான ஏற்பாடு இது. பிடிக்காதவர் வாய்த்தால் மூன்றாம் நாளே வயிற்று வலி என்று அறையில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்களுக்கு அப்படி நேரவில்லை.

பெரில் ஈஸ்ட்லீ பஸ் டிப்போவில் கட்டுப்பாட்டாளராக இருந்தவர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எது கிளம்பாது, கிளம்பாததற்கு ஜனங்களிடம் என்ன சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், நேரம் ஒத்து வரவில்லை என்பார். ஓய்வு பெற்ற பிறகு வருஷம் ஒரு கப்பல். இது ஒன்பதாவது.

"ஜனங்க லேட்டாச்சுன்னு கோவிச்சுக்கறதில்ல கென்," என்றார் சூப்பைக் கலக்கிக்கொண்டே. "ஒண்ணும் சொல்லாம நிக்க வைக்கிறதுக்குத்தான் கோவிச்சுக்கறாங்க. ஏதாவது சொல்லணும். அச்சு முறிஞ்சுபோச்சு, ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான், மூடுபனி. ஒண்ணும் தோணலைன்னா இயக்கக் காரணம். ஆனா 'எங்க தப்பு'ன்னு மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடக் கூடாது. முப்பத்தி நாலு வருஷத்துல எங்க டிப்போவுல ஒரு தப்பு நடந்ததா நான் ஒத்துக்கிட்டதே இல்ல."

"நடந்துச்சா?" என்றாள் ஷெய்லா.

"தினமும்."

அந்தப் பயணத்துக்கு அவரைப் போல ஒருவர் தேவைப்பட்டார். சாண் ஏறினால் முழம் சறுக்கிய பயணம் அது. காற்று பலமாக இருக்கிறதென்று வீகோ துறைமுகத்தை மூடிவிட்டார்கள். அங்கே போய் நண்டு சாப்பிடுவதாக இருந்த நாளில், துண்டை மடித்து யானை செய்வது எப்படி என்று கப்பல் ஊழியர் ஒருவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நான் செய்தது யானை போல இல்லை என்று ஷெய்லா சொன்னாள். யானையும் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்காது என்று சொன்னேன். பிறகு இரண்டு தளங்களில் ஒன்றரை நாள் வெந்நீர் வரவில்லை. பில்பாவோவில் மின் எந்திரம் பழுது. ஒரு நாள் அங்கேயே கட்டிப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு நாளை ஈடுகட்ட லா கொருன்யா என்ற ஊரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

டின்டல் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒரு புகார்க் குழு அமைத்தார். மனுவில் இருநூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினோராவது கையெழுத்து என்னுடையது. பெரில் போடவில்லை. அவர் வரவேற்பு மேசை பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சண்டை போட வந்தவர்களை வழியிலேயே மடக்கினார்.

"வெந்நீரா? பம்புல ஒரு சாமான் போயிடுச்சாம். ராத்திரி எட்டு மணிக்கு வந்துடும். அதுவரைக்கும் ஆறாவது தளத்து ஜிம்முல குளிக்கலாம், துண்டு எடுத்துட்டுப் போங்க."

எட்டு மணி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே சொன்னது. ஆனால் கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண் அவருக்குக் கேட்காமலே தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். தேநீரைக் கொடுத்துவிட்டு, "நிஜமாவே எட்டு மணிக்கு வருமா மேடம்?" என்று அவரிடமே கேட்டாளாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயின் கடிகாரம் எங்கள் ஊர்க் கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடும். முதல் இரவே கப்பலில் எல்லோரும் கடிகாரத்தைத் திருப்பிவைத்தோம். ஊர் திரும்பும்போது, கடைசியாகக் கெர்ன்சித் தீவுக்குப் போவதற்கு முந்தைய இரவு, அதைப் பழையபடி திருப்புவதுதான் வழக்கம். ஆனால் இந்த முறை ஏற்கெனவே ஏகப்பட்ட மாற்றம் ஆகிவிட்டது, இனியும் குழப்பம் வேண்டாம், சவுத்தாம்ப்டன் போய்ச் சேரும்வரை ஸ்பெயின் நேரமே இருக்கட்டும் என்று கேப்டன் அறிவித்தார். அறைக் கதவடியில் போடும் தாளிலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கப்பல்காரர்களுக்கு இது வேதம். கரையில் மணி என்னவாக இருந்தாலும் கப்பல் நேரம்தான் நேரம். கரையின் நேரத்தை நம்பி வாட்சைத் திருப்பியவர்களைத் துறையில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அப்படிப் பிந்தியவர்கள் பையும் கையுமாக ஓடிவரும்போது மேல்தளத்தில் நின்று கைதட்டுவது ஒரு பொழுதுபோக்கு. நானும் தட்டியிருக்கிறேன். பெரில் ஒவ்வொரு மேசையாகப் போய், "வாட்சைத் தொடாதீங்க, கப்பல் நேரம்தான் நேரம்," என்று சொல்லிவிட்டு வந்தார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை.

கெர்ன்சிக்கு முந்தைய நாள் சாப்பாட்டின்போது அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மீனை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கடல் ஒத்துக்கலையா?" என்றாள் ஷெய்லா.

"நாளைக்கு என் அக்காவைப் பார்க்கணும்," என்றார்.

அக்கா நோரீன், மூன்று வயது மூத்தவர். கெர்ன்சியில் தக்காளித் தோட்டம் வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர்களுடைய அம்மாவும் கடைசிக் காலத்தில் நோரீன் வீட்டில்தான் இருந்தார். அம்மா இறந்ததிலிருந்து அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம். கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் போகும், வரும். அதில் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே பெயர் இருக்கும், வேறொன்றும் இருக்காது.

"என்ன தகராறு?" என்று நான் கேட்டேன். மேசைக்கு அடியில் ஷெய்லா என் காலை மிதித்தாள்.

"அம்மா சவ அடக்கத்துக்கு லேட்டாப் போனேன். மூடுபனி," என்றார் பெரில்.

மூன்று முறை கெர்ன்சி வழியாகப் போகும் கப்பலில் ஏறியிருக்கிறார். அங்கே கப்பல் துறை வரைக்கும் போகாது. நடுவில் நங்கூரம் போட்டுக் கரைப்படகில் ஆட்களை இறக்குவார்கள். மூன்று முறையும் அலை அதிகம் என்று படகை இறக்கவில்லை. மூன்று முறையும் அந்தத் தீவைத் தளத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இந்த வருஷ அட்டையில் துணிந்து கப்பலின் பெயரையும் தேதியையும் எழுதி அனுப்பினாராம். பதில் வந்தது. அதை மேசையில் வைத்தார். நாலு வார்த்தைதான். 'படிக்கட்டில் நிற்கிறேன். பத்து மணி.'

ஷெய்லாவுக்குத் தாங்கவில்லை. "பூல் துறைமுகத்துல படகு ஏறினா மூணு மணி நேரத்துல கெர்ன்சி. நீங்க ஏன் பன்னெண்டு நாள் ஸ்பெயினைச் சுத்திட்டுப் போறீங்க?"

"படகுல போனா அவளைப் பார்க்கப் போன மாதிரி ஆயிடும்," என்றார் பெரில். "கப்பல்ல போனா, போற வழியில இறங்கின மாதிரி இருக்கும்."

புட்டிங் வந்தது. ஷெய்லாவும் நானும் சாப்பிட்டோம். பெரிலின் புட்டிங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கடல் ஒன்றும் மோசமில்லை. முதல் கரைப்படகில் நாங்கள் மூவரும் இறங்கினோம். பெரில் நீலக் கோட்டு போட்டிருந்தார், உதட்டுச்சாயம்கூடப் பூசியிருந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. துறையின் படிக்கட்டுக்கு மேலே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது.

"நீங்க போங்க," என்றார். "நீங்க நின்னா நான் ஆள் சேர்த்துக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்."

நாங்கள் காபி குடிக்கப் போனோம். ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. பத்தே கால் ஆகியும் பேக்கரிக்காரன் அப்போதுதான் தட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தீவுக்காரர்கள் சோம்பேறிகள், சூரியன் உச்சிக்கு வந்தால்தான் எழுந்திருப்பார்கள் என்று ஷெய்லாவிடம் விளக்கினேன். தபால் ஆபீசும் மூடியிருந்தது. அரசாங்கமே இப்படியென்றால் பேக்கரிக்காரனைச் சொல்லி என்ன பயன் என்றேன். ஷெய்லா ஆமோதித்தாள். எங்கள் இரண்டு பேர் கையிலும் கடிகாரம் இருந்தது. இரண்டும் ஒன்றையே சொன்னது.

பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தோம். காற்று ஏறியிருந்தது. பெரில் அதே பெஞ்சில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிஸ்கட் டப்பா. உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிட்டிருந்தார்.

"வரலை," என்றார்.

"இன்னும் கொஞ்சம் இருந்து பார்க்கலாமே," என்றாள் ஷெய்லா.

"டிப்போவுல பத்து நிமிஷம்தான் கணக்கு. அதுக்கு மேல எந்த வண்டியையும் யாருக்காகவும் நிறுத்தினதில்ல. இவளுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தாச்சு." எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "வர்றதா இருந்தா எழுதியிருக்க மாட்டா. எழுதினதே என்னை இங்க உட்கார வைக்கத்தான். சரிக்குச் சரி ஆயிடுச்சு."

மூவரும் திரும்பும் படகில் ஏறினோம். பெரில் பின்வரிசையில் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். படகு துறையை விட்டு நூறு கஜம் வந்திருக்கும். ஷெய்லா என் தொலைநோக்கியை வாங்கி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கென், அந்த ஊர் மணிக்கூண்டைப் பாருங்களேன். ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுது."

"இந்தத் தீவுல எது ஒழுங்கா ஓடுது?" என்றேன் நான்.

பெரில் திரும்பினார். தொலைநோக்கி இல்லாமலே மணிக்கூண்டைப் பார்த்தார். மணி ஒன்பது ஐம்பது. பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து என் கடிகாரத்தையும் பார்த்தார்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி தான் போய்க் கழனிப்பானையில் விழுமாம். எண்ணூறு பேருக்குக் கப்பல் நேரம் சொன்னவர், அக்கா கப்பலில் வரவில்லை என்பதை யோசிக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூடிய பேக்கரியையும் மூடிய தபால் ஆபீசையும் பார்த்துவிட்டு ஒரு தீவையே திட்டிவிட்டு வந்தவன் நான்.

"திருப்புங்க," என்றார் பெரில் படகோட்டியிடம்.

"திருப்ப முடியாது மேடம். மேல போய் அடுத்த படகுல வாங்க."

கப்பலை ஒட்டும்போதே படகு ஆளுயரம் தூக்கித் தூக்கிப் போட்டது. நாங்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு தாவி ஏறினோம். ஏறி நிற்பதற்குள் ஒலிபெருக்கி பேசியது. இயக்கக் காரணங்களால் கரைக்கு ஆட்களை அழைத்துச் செல்வது நிறுத்தப்படுகிறது. கரையில் இருப்பவர்கள் மட்டும் திரும்ப அழைத்துவரப்படுவார்கள்.

கீழே எங்கள் படகு காலியாகக் கரைக்குத் திரும்பத் தயாரானது. வாசலில் இருந்த இளம் அதிகாரியிடம் பெரில் போனார்.

"அது கரைக்குத்தானே போகுது?"

"ஆமா மேடம்."

"காலியாத்தானே போகுது?"

"ஆமா மேடம். ஆனா ஆள் ஏத்தறதில்ல. காலியாப் போற வண்டி."

பெரில் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். மழையில் நனைந்துகொண்டு கண்ணாடியைத் தட்டியவர்களிடம் முப்பத்தி நாலு வருஷம் அவர் சொன்ன வாக்கியம் அது. ஒரு எழுத்து மாறவில்லை.

"என் அக்கா நிக்கறா," என்றார்.

"புரியுது மேடம். உங்களை இறக்கிட்டா திரும்பக் கூட்டிட்டு வர உத்தரவாதம் இல்ல."

"எனக்கு உத்தரவாதம் வேணாம்."

"எனக்கு வேணும் மேடம்."

"சரிதான்," என்றார் பெரில். "நானா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்." நகர்ந்துவிட்டார். அந்த அதிகாரியைக் கடலில் தள்ளலாமா என்று ஷெய்லா என்னிடம் கேட்டாள். கேலிக்காகக் கேட்ட மாதிரி இல்லை.

அக்காவின் தொலைபேசி எண் அவரிடம் இல்லை. அட்டையில் முகவரி மட்டும்தான். வரவேற்புப் பெண் துறைமுக அலுவலகத்தை அழைத்துப் பார்த்தாள். அங்கே யாரும் எடுக்கவில்லை. ஏழாம் தளத்தில் கம்பியோரமாகப் போய் நின்றோம். நான் தொலைநோக்கியைப் பெரிலிடம் கொடுத்தேன்.

மணிக்கூண்டு பத்தைத் தாண்டி மூன்று நிமிஷம். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள் துறைப் படிக்கட்டுக்கு மேலே வந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஃபிளாஸ்க். பெரில் விட்டுவந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அவளா?" என்றாள் ஷெய்லா.

"எங்கம்மா மாதிரி உட்கார்ந்திருக்கா," என்றார் பெரில்.

காலிப் படகு கரையைத் தொட்டது. மஞ்சள் கோட்டு எழுந்து நின்றது. படகுக்குள் பார்த்தது. உட்கார்ந்தது. இருபது நிமிஷம் கழித்து அடுத்த காலிப் படகு. மறுபடி எழுந்து நின்றது, பார்த்தது, உட்கார்ந்தது. மூன்றாம் படகுக்குப் பிறகு கப்பல் ஊழியன் ஒருவன் அவரிடம் போய் ஏதோ சொன்னான். கடலைக் காட்டிக் கையை அசைத்தான். இனி யாரும் வரமாட்டார்கள் என்றுதான் சொல்லியிருப்பான். நோரீன் தலையாட்டினார். போகவில்லை.

பெரில் கோட்டைக் கழற்றி ஆட்டினார். கையை ஆட்டினார். அவருக்கு இடமும் வலமுமாக நூறு பேர் கரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் அது ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் கையாட்டுவார்கள்.

"மூடுபனி இல்ல கென்," என்றார் திடீரென்று. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "அன்னிக்குக் காலையில ரெண்டு டிரைவர் வரலை. நான் இல்லைன்னா டிப்போ நடக்காதுன்னு நெனச்சேன். எட்டு மணி ப்ளேனை விட்டுட்டு மத்தியான ப்ளேன்ல போனேன். அடக்கம் சர்ச்சுல பத்து மணிக்கு. நான் போய்ச் சேர்ந்தப்ப சாண்ட்விச்கூடத் தீர்ந்துபோச்சு. என்னடி ஆச்சுன்னு நோரீன் கேட்டா. பழக்க தோஷம். மூடுபனின்னு சொல்லிட்டேன்."

"நம்பலையா?"

"அவ பக்கத்து வீட்டுக்காரி காலை ப்ளேன்லதான் வந்திருக்கா. அங்கயே தட்டும் கையுமா நின்னுக்கிட்டிருந்தா. 'வழியெல்லாம் நல்ல வெயிலாச்சே'ன்னா."

"நோரீன் என்ன சொன்னாங்க?"

"என் தட்டை வாங்கிட்டுப் போயிட்டா." தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்தார். பிறகு, "பத்து மணின்னு அவ சும்மா எழுதலை," என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. முப்பத்தொரு வருஷத்தில் தேறவில்லை என்று சொல்லித்தான் பழக்கம். போய் மூன்று தேநீர் வாங்கி வந்தேன். பெரில் தன்னுடையதைக் குடிக்கவில்லை. ஷெய்லா அவர் தோளில் ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். நானும் நின்றேன். மெனுவில் ஆட்டுக்கறி வறுவல் இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் நாலே கால் வரை கிளம்பவில்லை. கரையில் இரண்டு பேர் காணவில்லை. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஓடிவந்தார்கள். அந்த ஊர்க் கடிகாரப்படி அவர்கள் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தார்கள். தளம் முழுக்கக் கைதட்டியது. டின்டல் விசில்கூட அடித்தார். நான் தட்டவில்லை. அந்த ஜோடி, மஞ்சள் கோட்டைத் தாண்டித்தான் படியிறங்கி ஓடியது. கப்பல் திரும்பும்போதும் அந்தக் கோட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தது. தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தபோது பெரிலின் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் பதிந்திருந்தது. ஐந்து மணி நேரம் அவர் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலை சவுத்தாம்ப்டனில் முதல் ஆளாக இறங்கியவர் பெரில். தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். நாங்கள் காரில் ஏறும்போது, "பூல் வரைக்கும் கொண்டுபோய் விட முடியுமா?" என்றார். ஃபேர்ஹாமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அது நேர் எதிர்த் திசை. ஷெய்லா என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன். வழியில் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். திருப்பத்தில் நான் சைகை விளக்குப் போட்டது தாமதம் என்றார். உண்மைதான்.

பூலில் சீட்டு கொடுக்கிற பெண், "போக வரவா?" என்று கேட்டாள்.

"போக மட்டும்," என்றார் பெரில்.

சீட்டை வாங்கித் திரும்புவதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. இயக்கக் காரணங்களால் படகு புறப்படச் சிறிது தாமதமாகும். நான் ஷெய்லாவைப் பார்த்தேன். பெரில் முக்காலியை விரித்து உட்கார்ந்தார், பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். குறுக்கெழுத்தை எடுக்கவில்லை. நாங்கள் விடைபெற்றோம்.

மற்றதெல்லாம் ஒரு வாரம் கழித்து அவர் தொலைபேசியில் சொன்னது. கெர்ன்சியிலிருந்துதான் பேசினார்.

நோரீன் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது சாயங்காலம் ஆறு மணி. எந்தக் கடிகாரப்படியும் ஆறு. கதவைத் திறந்த நோரீன் அவரைப் பார்க்கவில்லை, தன் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணின்னு எழுதியிருந்தேன்."

"தெரியும்."

"என்ன காரணம்? மூடுபனியா?"

"இல்ல," என்றார் பெரில். "நேத்தும் இல்ல. அன்னிக்கும் இல்ல. என் தப்புதான் நோரீன். ரெண்டு தடவையும் என் தப்பு."

நோரீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மத்தியானம் வரைக்கும் நின்னேன்டி," என்றார்.

"கப்பல் கிளம்புற வரைக்கும் நின்ன. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பார்த்தா கையாட்ட வேண்டியதுதானே?"

"ஆட்டினேன்."

"அந்தக் கப்பல்ல எல்லாந்தான் ஆட்டுது. நான் எதைன்னு பார்க்கறது?" நோரீன் வழியை விட்டு நகர்ந்தார். "காலைத் துடைச்சுட்டு உள்ள வா."

சமையல்கட்டு மேசையில் நேற்றைய ஃபிளாஸ்க் திறக்காமல் அப்படியே இருந்தது. பால் ஊற்றிய தேநீர், இரண்டு பேருக்குப் போட்டது. நோரீன் புதிதாகப் போடுகிறேன் என்று கெட்டிலை எடுத்தாராம். பெரில் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கண்றாவியா இருந்துச்சு கென்," என்றார். "ரெண்டு கப் குடிச்சேன்."